14 ஃபோல்டர், 14 ஃபர்ம்வேர்: எங்கிருந்து ஒன்றாக்குவது?

கிணற்றடி:
வணக்கம். விவசாய மோட்டார் ஸ்டார்ட்டருக்கு கன்ட்ரோலர் போர்டு செய்யும் சின்ன நிறுவனத்தில் ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் ஓடும் மென்பொருள், எழுதுகிறேன். மென்பொருள் பக்கம் மூன்றே பேர். 2016-இல் ஒரே மாடல்தான் இருந்தது. அப்புறம் செல்போனில் ஓடவிடும் மாடல், சிங்கிள் பேஸ் மாடல், டீலர் கேட்டார் என்று இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பழைய ஃபோல்டரை காப்பி எடுத்து, பெயரை மாற்றி வேலையைத் தொடங்கிவிடுவோம். இன்றைக்கு 14 ஃபோல்டர். ஒன்றில் பக் சரிசெய்தால் மற்ற 13-ஐயும் திறந்து பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு விவசாயியின் சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துவிட்டது. தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பகுதி பல வருடமாகப் புகாரே வராமல் ஓடுவது. கரன்ட் வந்ததும் தானாக ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டும் அப்படித்தான். புது மாடலில் இரண்டையும் சேர்த்தேன். போர் வற்றியது, மோட்டார் ஒழுங்காக நின்றது. கரன்ட் போய் வந்ததும் வற்றிய போரிலேயே மறுபடி ஓடியது. அன்று இரவு முழுக்க இப்படியே. ரீவைண்டிங் செலவை நாங்கள் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த வாரம் அவருடைய கடலைக்குத் தண்ணீர் பாயவில்லை. இரண்டு பகுதியையும் எழுதியவன் நான்தான்.

பொதுவான ஒரே கோடிலிருந்து எல்லா மாடலையும் உருவாக்கும் புராடக்ட் லைன் முறை பற்றிப் படித்தேன். மூன்று பேருக்கு அது கட்டுப்படியாகுமா? ஆகும் என்றால் முதலில் எதைத் தொடுவது?

பழைய_சி:
தம்பி, டிரை ரன்னில் நின்ற தகவலை ராமில் வைத்திருப்பீர்கள். கரன்ட் போனதும் அது அழிந்துவிடும். பழைய மாடலில் ஆள் வந்து பச்சை பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும், அதனால் அழிந்தாலும் பாதகமில்லை. ஆட்டோ ஸ்டார்ட் வந்ததும் அந்த ஆள் இல்லாமல் போனார். நடுவில் ஒருவர் இருப்பார் என்று நம்பித்தான் டிரை ரன் பகுதியை எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கை எங்கேயும் எழுத்தில் இல்லை.

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்திலும் இதேதான் நடந்தது. ஏரியன் 4-இல் நன்றாக ஓடிய திசையறியும் கருவியின் மென்பொருளை எடுத்து வைத்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட மளமளவென்று ஏறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளவில்லை, கருவி நின்றது. துணைக்கு வைத்த கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. சுமார் 40 நொடியில் எல்லாம் முடிந்தது. அப்படி வழியக்கூடிய மாறிகள் ஏழு. நான்குக்குப் பாதுகாப்பு போட்டு, மூன்றை யோசித்தே விட்டிருந்தார்கள், கணினிச் சுமையைக் குறைக்க. ஏரியன் 4-க்கு அது சரியான முடிவு. ஆனால் அந்தக் காரணம் கோடில் எழுதப்படவில்லை. விசாரணை அறிக்கையில் இதைப் படித்த நாளிலிருந்து காரணம் எழுதாமல் ஒரு பாதுகாப்பையும் நான் எடுப்பதில்லை.

புது கோட் எழுதாதீர்கள். 14-ஐயும் டிஃப் போட்டு, எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் வேண்டுமென்று செய்த மாற்றமாக இருக்காது, ஒரு ஃபோல்டரில் சரிசெய்து மற்றவற்றில் விட்டுப்போன பக்காகவே இருக்கும்.

முல்லை:
நான் இந்தத் துறையில்தான் ஆய்வு செய்கிறேன். இப்படி ஃபோல்டரை காப்பி எடுத்து வளர்ப்பதை 'குளோன் அண்ட் ஓன்' என்போம். பெரிய நிறுவனங்களிலும் இது சர்வசாதாரணம்.

நிரல்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், பொதுவான குணங்களை முதலில் படித்து ஒரே குடும்பமாக வடிவமைக்கலாம் என்று மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் 1976-லேயே எழுதினார். கியோ காங் குழுவினர் 1990-இல் கொண்டுவந்த ஃபீச்சர் மாடல்தான் உங்களுக்கு உதவும். எது கட்டாயம், எது விருப்பம், எது இருந்தால் எது கூடவே வர வேண்டும் என்று மரமாக வரைவது. உங்கள் மரத்தின் முதல் விதி: டிரை ரன்னோடு ஆட்டோ ஸ்டார்ட் சேர்ந்தால், நின்ற தகவலை, கரன்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈபிராமில் எழுதும் பகுதி கட்டாயம். லினக்ஸ் கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்ஷன்களை இதே மாதிரி விதிகளோடு கேகன்ஃபிக் என்ற கருவி ஆள்கிறது. அதையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இருக்கிற மாடல்களிலிருந்து பொதுவானதைப் பிரித்தெடுத்தால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. மூன்று பேருக்கு அது முடியும். டெஸ்டிங்தான் கடினம். ஆம், இல்லை என்று பத்து ஃபீச்சர் இருந்தாலே 1024 சேர்க்கை. அதனால் எந்த இரண்டு ஃபீச்சரை எடுத்தாலும் அவை சேர்ந்து ஓடும் ஒரு டெஸ்டாவது இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் கரன்ட் போய் வருவதைக் கட்டாயம் சேருங்கள்.

கிணற்றடி:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று நாளாக டிஃப் பார்க்கிறேன். அண்ணன் சொன்னது சரி, விட்டுப்போன பக்தான் அதிகம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐந்து மாடல் போகும் பழைய போர்டில் ஈஈபிராமே கிடையாது. முல்லை சொன்ன விதியை அங்கே என்ன செய்வது?

பழைய_சி:
அந்தப் போர்டில் இரண்டும் சேர்ந்து கேட்டால் பில்டே ஆகக் கூடாது. கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைல் நேரத்திலேயே எரர் வரும்படி வையுங்கள், பக்கத்தில் காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அந்த ஐந்தில் ஏற்கெனவே இரண்டும் சேர்ந்து விற்றது ஏதாவது இருக்கிறதா?

கிணற்றடி:
ஒரு மாடல் இருக்கிறது. நாளைக் காலை டீலர்களைக் கூப்பிட்டு எந்தெந்தத் தோட்டத்துக்குப் போனது என்று கேட்கிறேன். முதலில் ஆட்டோ ஸ்டார்ட்டை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, போர்டை நேரில் போய் மாற்றிக் கொடுக்கிறோம்.