அளவுதிருத்தமா, அளவொப்பீடா?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் துகள் உணர்கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது, கேலிபரேஷனை, அதாவது கருவி காட்டும் எண் எந்த அளவைக் குறிக்கிறது என்று நிறுவும் செயலை, ‘அளவுதிருத்தம்’ என்று எழுதுவதைப் பலமுறை பார்க்கிறேன். தராசுக்கு அச்சொல் ஓரளவு பொருந்தலாம். இத்துறையிலோ அது நடக்கும் செயலையே தவறாகக் காட்டுகிறது.

துகள் பாய்ந்தால் ஒளிரும் சிண்டிலேட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வழியே, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்ற துகள் பாயும்போது எழும் ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக்க, கணினியில் 400 என்றோ 430 என்றோ ஓர் எண் பதிவாகிறது. அந்த எண் எவ்வளவு ஆற்றலைக் குறிக்கிறது என்பதை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; அதைச் சொல்ல உதவுவது மியூவான்தான். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் மியூவான்கள் விழுகின்றன. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டரில் ஒவ்வொன்றும் சுமார் 2 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலை இழக்கிறது. தகட்டுக்கு மேலும் கீழும் சிறிய உணர்கருவிகளை வைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் துடித்த நிகழ்வுகளை மட்டும் பொறுக்கி, எந்த எண் எத்தனை முறை பதிவானது என்று வரைந்தால், வலப்பக்கம் நீண்ட வால் கொண்ட ஒரு மேடு தெரியும். அதன் உச்சி நிற்கும் எண்ணே அந்த ஆற்றலுக்கு ஈடு.

வெப்பநிலை ஏறிக் குழாயின் பெருக்கம் குறைந்தால், உச்சி 400-இலிருந்து 390-க்கு நகரக்கூடும். அப்போது கருவியைத் தொட வேண்டியதில்லை. எண்ணை ஆற்றலாக மாற்றும் புதிய மாறிலியைக் குறித்துக்கொண்டால் போதும். இதில் திருத்தப்பட்டது எது? அர்ஜென்டினாவில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் பியேர் ஓஷே ஆய்வகத்தில், தலைக்கு 12,000 லிட்டர் தூய நீர் நிரம்பிய 1,600-க்கும் மேற்பட்ட உணர்கருவித் தொட்டிகள், பின்னணியில் ஓயாமல் வரும் மியூவான்களைக் கொண்டு நிமிடந்தோறும் இவ்வேலையைத் தாமாகவே செய்கின்றன. நேர்குத்தாகப் பாயும் ஒரு மியூவான் தரும் துடிப்பே அங்கே அலகு. சர்வதேச அளவியல் சொற்கோவையும், கேலிபரேஷனைக் கருவியைச் சரிசெய்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறது.

மாற்றாகச் சொல்லப்படுபவற்றில் ‘தரப்படுத்தல்’ தரம் பிரிப்பதைக் குறித்துவிடுகிறது. ‘அளவுகோடிடல்’ அழகான சொல். ஆனால் கோடு போட ஒரு கண்ணாடிக்குழாய் வேண்டும், இங்கே இருப்பவை எண்கள். ‘அளவறுதி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது ‘அளவற்ற’ என்பது காதில் விழுந்ததால் மனமில்லாமல் கைவிட்டேன்.

ஆகவே ‘அளவொப்பீடு’ என்பதை முன்மொழிகிறேன். அறிந்த ஓர் அளவோடு அறியாத எண்ணை ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவை நிறுவுவது என்பது இதன் பொருள். ஒப்பிடுவதோடு வேலை முடிவதில்லையே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் எடைக்கல்லை எதிர்த்தட்டில் வைக்கும் அந்த முதற்செயலைச் சொல் சரியாகப் பிடித்திருப்பதால், எஞ்சியதை வரையறை தாங்கிக்கொள்ளும். வினையாக்குவதும் எளிது: ‘அளவொப்பிட்ட உணர்கருவி’, ‘அளவொப்பிடாத தரவு’ என எழுதலாம். ‘அளவொப்பு மாறிலி’, ‘ஆற்றல் அளவொப்பீடு’, ‘நேர அளவொப்பீடு’ ஆகியவையும் இடறாமல் வருகின்றன. குழாயின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி உச்சியை மீண்டும் 400-க்கே கொண்டுவரும் வேலைக்கு மட்டும் ‘திருத்தம்’ என்பதை ஒதுக்கி வைக்கலாம்.