பிளாக் லிக்கரில் உள்ள லிக்னினை எரிக்காமல் வேதிப்பொருளாக்க முடியுமா?

கேள்வி – வேதிப்பொறியியல் மாணவி

வணக்கம். மரச் சீவல்களைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் வேகவைத்துக் காகிதக் கூழைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கரிய கழிவுக் கரைசலான பிளாக் லிக்கரைப் பற்றி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் படித்து வருகிறேன். அதில் கரைந்துள்ள லிக்னின், மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும், பென்சீன் வளையங்கள் நிறைந்த பொருள். பீனாலும் எரிபொருளும் அதிலிருந்து கிடைக்கக்கூடும் என்று ஆய்வுக் கட்டுரைகள் கூறுகின்றன. அப்படியிருந்தும் ஏறக்குறைய எல்லா ஆலைகளும் அதை எரித்துவிடுகின்றன. இது வீணடிப்பு ஆகாதா? தொழில் அளவில் எங்காவது இதைச் செய்து காட்டியிருக்கிறார்களா?

மறுமொழி – கூழ் ஆலையின் ரெக்கவரி பிரிவில் பணியாற்றியவர்

எரிப்பதை வீணடிப்பு என்று கொள்ள வேண்டாம். ஒரு டன் கூழுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் திடப்பொருள் பிளாக் லிக்கரில் வருகிறது. ரெக்கவரி பாய்லரில் அது எரியும்போது ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைப்பதோடு, அடியில் உருகித் தேங்கும் சோடியம் கார்பனேட்டும் சல்பைடும் மீண்டும் சமையல் கரைசலாக மாற்றப்படுகின்றன. லிக்னின் முழுவதையும் எடுத்துவிட்டால் இந்தச் சுழற்சியே நின்றுவிடும். நீராவிக்கு வெளியிலிருந்து எரிபொருள் வாங்க நேரும்.

ஆனால் பல பழைய ஆலைகளில் கூழ் உற்பத்தியை உயர்த்தத் தடையாக இருப்பதே இந்த பாய்லர்தான். புதிய பாய்லர் மிகப் பெரிய முதலீட்டைக் கேட்கும். லிக்னினில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் பாய்லரின் சுமை குறைந்து, அதே பாய்லரைக் கொண்டு கூடுதல் கூழ் தயாரிக்க முடிகிறது. சுவீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறைக்கு வணிக அடிப்படை தந்தது இந்தக் கணக்கே. லிக்கரைச் செறிவாக்கும் ஆவியாக்கிகளின் இடையில் எடுத்த லிக்கரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி அதன் காரத்தன்மையைக் குறைத்தால் லிக்னின் படிகிறது. அதை வடிகட்டி, கந்தக அமிலத்தில் மீண்டும் கலக்கிக் கழுவுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிளைமவுத்திலுள்ள டோம்டார் ஆலை 2013இலும், பின்லாந்தில் ஸ்டோரா என்சோவின் சுனிலா ஆலை 2015இலும் இதைத் தொடங்கின.

உங்கள் அறிக்கையில் ஒன்றைத் தவறாமல் சேருங்கள். கழுவப் பயன்பட்ட அமிலத்திலுள்ள கந்தகம் லிக்கர் சுழற்சிக்குள் நுழைந்து சோடியம்–கந்தகச் சமநிலையைக் குலைக்கும். அதைச் சரிசெய்ய பாய்லர் சாம்பலில் ஒரு பகுதியை வெளியேற்றி, அத்துடன் போகும் சோடியத்துக்கு ஈடாகப் புதிய காரம் வாங்க வேண்டும். ஆய்வுக்கூடக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தச் செலவைக் கணக்கில் கொள்வதில்லை.

மறுமொழி – லிக்னின் ஆய்வாளர்

மேலே கூறியதை ஒப்புக்கொள்கிறேன். வேதியியல் பக்கத்தைச் சேர்க்கிறேன். மரத்தில் லிக்னின் அலகுகளைப் பெரும்பாலும் ஈதர் பிணைப்புகள் இணைக்கின்றன. காரச் சமையலில் அவை அறுபட்டாலும், துண்டுகள் தமக்குள் உறுதியான கார்பன்–கார்பன் பிணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, உள்ளே புகுந்த கந்தகம் வினையூக்கிகளை நஞ்சாக்குகிறது. எனவே உடைத்து ஒரே மூலக்கூறாக எடுக்கும் முயற்சிகளில் வணிக வெற்றிகள் அரிது. அவற்றுள் முதன்மையானது வெனிலா மணம் தரும் வெனிலின். நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் போரெகார்ட் நிறுவனம் 1962 முதல் அதைத் தயாரித்து வருகிறது. ஆனால் அங்கே நடப்பது சல்பைட் உப்புகளைக் கொண்டு செய்யும் சமையல், நீங்கள் கூறிய சோடியம் சல்பைடு முறை அன்று. மூலப்பொருள் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அகன்ற இலை மரங்களின் லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்தால் வெனிலினுடன் சிரிங்கால்டிஹைடு என்ற வேறொரு சேர்மமும் கலந்து வரும். அதே நிறுவனம் விற்கும் லிக்னோசல்போனேட் போன்றவை, அதாவது பெரிய மூலக்கூறாகவே கான்கிரீட்டில் நீரின் தேவையைக் குறைக்கச் சேர்க்கப்படுபவை, இத்தொழிலின் உறுதியான சந்தை என்பது என் கருத்து. ஒட்டுப்பலகைப் பசையில் பீனாலின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்ப்பதும் இவ்வகையே.

எரிபொருள் பற்றிப் படிக்கும்போது கவனமாக இருங்கள். பின்லாந்தின் லப்பேன்ராந்தாவில் யூபிஎம் நிறுவனம் 2015 முதல் தயாரிக்கும் டீசலுக்கு மூலம் டால் எண்ணெய். அது பிளாக் லிக்கரின் மேல் சோப்பாக மிதக்கும் பிசின், கொழுப்பு அமிலங்களிலிருந்து பெறப்படுவது, லிக்னின் அன்று. லிக்கர் முழுவதையும் வாயுவாக்கி டைமெத்தில் ஈதர் என்ற எரிபொருளைத் தயாரிக்கும் முயற்சி சுவீடனின் பீத்தியோவில் நடந்தது. வோல்வோ லாரிகள் அதில் ஓடின. அது மாதிரி ஆலை என்ற அளவைத் தாண்டவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ளதுபோல் கரும்புச் சக்கையைப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு இதே முறை பொருந்துமா, ஐயா?

மறுமொழி – ரெக்கவரி பிரிவில் பணியாற்றியவர்

அப்படியே பொருந்தாது. சக்கையில் சிலிக்கா அதிகம். அது காரத்தில் கரைந்து லிக்கரோடு வருகிறது. கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தும்போது சிலிக்காவும் படிவதால் லிக்னினில் சாம்பல் கூடும். அதே சிலிக்கா ஆவியாக்கிக் குழாய்களில் பொருக்காகப் படிவதும் ஆலைகளின் தொல்லை. ஆகவே முதல் கட்டத்தில் சிலிக்காவையும் அடுத்த கட்டத்தில் லிக்னினையும் தனித்தனியே படிய வைக்க இயலுமா என்று பாருங்கள். எந்தக் காரத்தன்மையில் எது எவ்வளவு படிகிறது என்ற அட்டவணை ஒன்றை நீங்கள் தயாரித்தால், ஆலைப் பொறியாளர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும்.