மறு: 'ஸ்டீரியோ பிளேட் கேமரா' – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம். ஒரே காட்சியை இரு லென்ஸ்கள் வழியாக இரண்டு படங்களாகக் கண்ணாடித் தகட்டில் பதியும் பழைய கேமராவுக்குத்தானே தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

'இரட்டைக்கண் கேமரா' என்ற தங்கள் சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் நகர மண்டபம் பக்கத்தில் பெனின்சுலா கேமராக் கடைகளை ஒருமுறை சுற்றியவருக்குக்கூட, அதைக் கேட்டதும் மேலும் கீழுமாக இரு லென்ஸ் கொண்ட ரோலிஃபிளெக்ஸ் கேமராதான் கண்முன் வரும். அதில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. படம் எடுப்பது கீழ் லென்ஸ் மட்டுமே. போதாக்குறைக்கு, அதே நிறுவனம் 1921இல் கொண்டுவந்த ஹைடாஸ்கோப் என்ற ஸ்டீரியோ கேமராவுக்கு மூன்று கண்கள்! ஓரத்தவை இரண்டும் படம் எடுக்க, நடுவிலுள்ளது நோட்டம் பார்க்க. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

'முப்பரிமாணக் கேமரா'வும் எனக்கு உடன்பாடில்லை. கேமரா தருவது இரண்டு தட்டைப் படங்கள். ஆழம் தெரிவது, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் காட்டும் நோக்கியில் வைத்துப் பார்க்கும்போதுதான். ஆங்கிலேய அறிவியலாளர் வீட்ஸ்டன் 1838இல் இதை விளக்கியபோது காட்டியவை வெறும் கோட்டுப் படங்கள். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டு.

ஆகவே நான் முன்வைப்பது: இணைப்படத் தகட்டுக் கேமரா.

சேகரிப்பாளர்கள் விலை பேசுவதும் 'இணை'யை வைத்துத்தான். லென்ஸ் வளையத்தில் பொறித்த எண்களை முதலில் பார்ப்பார்கள். இரண்டும் அடுத்தடுத்த எண்களாக இருந்தால் முகம் மலரும். வெகுதூரம் விலகியிருந்தால், ஒன்று பிற்பாடு மாற்றப்பட்டதோ என்ற ஐயம் எழும். குவியத் தூரம் சிறிது வேறுபட்டாலும் ஒரு படம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழுந்து கண்ணை வலிக்கச் செய்யும். ஷட்டர் இரண்டும் ஒருசேரத் திறந்து மூட வேண்டும். தகடுகளை அடுக்கும் கூடு தொலைந்திருந்தால் அதற்கும் விலையில் வெட்டு விழும்.

'தகடு' உலோகத்தைக் குறிக்காதா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். குறிக்கும், புகைப்படக்கலையின் முன்னோடி டாகேரின் வெள்ளி பூசிய செம்புத் தகட்டுக்கும் அதே சொல்தான். விளக்க வரியில் 'கண்ணாடித் தகடு' என்று எழுதிவிட்டால் போதும், பெயரை நீட்ட வேண்டாம்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு வயது என்றதும் நம்மவர்கள் புதையல் கிடைத்ததாக நினைத்துவிடுகிறார்கள். பிரான்சின் ஜூல் ரிஷார் 1893இல் அறிமுகப்படுத்திய வெராஸ்கோப் என்ற ஸ்டீரியோ கேமரா, 45 × 107 மில்லிமீட்டர் கண்ணாடியில் இரு படங்களை அருகருகே பதியும், அழகான கருவி. ஆனால் பல பத்தாண்டுகள் விற்பனையான சரக்கு, எளிதில் கிடைக்கிறது. கூடுதல் விலை, கண்ணாடியில் மருந்து பூசி ஈரம் காயுமுன் படம் எடுத்த ஈரத்தகட்டுக் காலத்து மரப்பெட்டிக் கேமராக்களுக்குத்தான். அதிலும் யாராவது பித்தளையைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் பழைய மேற்பூச்சோடு மதிப்பும் போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது தனிக் கதை. உலர்பெட்டி இல்லாதவர் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

இன்னொரு சொல்லும் தேவை. நெகட்டிவைக் கண்ணாடியில் நேரடியாக அச்சிட்டால் இடப்படம் வலமாகவும் வலப்படம் இடமாகவும் அமர்ந்து, பள்ளம் மேடாகத் தெரியும். இரண்டையும் இடம் மாற்றி அச்சிட ஒரு சட்டகம் உண்டு. 'இடமாற்றுச் சட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். சிங்கப்பூரில் 'சட்டம்' என்றால் எல்லாரும் அபராதம் எவ்வளவு என்று கேட்பார்கள். 'இடமாற்றுச் சட்டகம்' சரியா, இதைவிடச் சுருக்கமாக ஏதேனும் உண்டா?