மறு: ரிப்பிள் டிலீட் – ‘அலைநீக்கம்’ வேண்டாம், ‘நெருக்கி நீக்கு’ என்று வைப்போமா?

அனைவருக்கும் வணக்கம். ஒலி, காணொளித் திருத்த மென்பொருள்களில் ஒரு பகுதியை அழித்ததும் பின்னால் இருப்பது முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை மூடிக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் ரிப்பிள் டிலீட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த ஒரு யோசனை இது:

> ரிப்பிள் என்பதற்குச் சிற்றலை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ‘சிற்றலை நீக்கம்’, சுருக்கமாக ‘அலைநீக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. குரல் பதிவைத் திருத்துகிறவர் நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதே ஒலியலையைத்தான். அவர் முன்னால் ‘அலைநீக்கம்’ என்று ஒரு கட்டளையை வைத்தால், சத்தத்தை எடுத்துவிடப் போகிறது என்றுதான் நினைப்பார். ‘சிற்றலை நீக்கம்’ என்றால் மின்னணுவியல் படித்தவருக்குப் பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை வடிகட்டுவது நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்திலேயே இந்த வேலைக்கு ஒரே பெயர் கிடையாது. பிரீமியர், ரீப்பர் என்ற திருத்த மென்பொருள்களில் ரிப்பிள் என்கிறார்கள், புரோ டூல்ஸில் எஃப்1 அழுத்தி ஷஃபிள் முறைக்குப் போய் அழித்தால் அதேதான் நடக்கிறது, ஆடாசிட்டியில் ஒரே துணுக்காக இருக்கும் பதிவில் சாதாரண டிலீட்டே இதைச் செய்துவிடுகிறது. ஒவ்வொருவரும் ஒரு உவமையைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாம் அவர்கள் உவமையை விட்டுவிட்டு, விசையை அழுத்தினால் என்ன நடக்கிறதோ அதற்குப் பெயர் வைப்போம்.

என்ன நடக்கிறது? வாசிப்பவர் ஒரு வாக்கியத்தில் தடுமாறி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறார். தடுமாறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டி 3 வரிசைப் பதிப்புகளில் கன்ட்ரோல்+கே அழுத்தினால் அது போய்விடும், பின்னால் இருப்பது நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல்+ஆல்ட்+கே அழுத்தினால் பகுதி போகும், ஆனால் அதன் இடம் காலியாக நிற்கும், பின்னால் இருப்பது அசையாது. கன்ட்ரோல்+எல் அழுத்தினால் நீளம் அப்படியே இருக்கும், உள்ளே சத்தம் மட்டும் இல்லாமல் போகும். மூன்றையும் ‘நீக்கு’, ‘அழி’ என்று மாற்றி மாற்றிப் போட்டால் புதிதாக வருகிறவர் எதை அழுத்துவது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? என் முன்மொழிவு:

நெருக்கி நீக்கு, இடம்விட்டு நீக்கு, ஒலி நீக்கு.

இந்த வேறுபாட்டில்தான் வேலையே இருக்கிறது. ஒலிநூலுக்கு நெருக்கி நீக்குவதுதான் வழக்கம், கேட்பவருக்குத் தடுமாற்றம் நடந்ததே தெரியக்கூடாது. ஆவணப்படத்துக்குக் குரல் கொடுக்கும்போது அதையே செய்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வாக்கியமும் காட்சியை முந்திக்கொண்டு ஓடும், அங்கே இடம்விட்டுத்தான் நீக்கவேண்டும். ஒலி நீக்குவதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அறையின் மெல்லிய இரைச்சல் எப்போதும் குரலுக்குப் பின்னால் இருக்கும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது அறவே நின்றுபோனால் ஹெட்ஃபோனில் கேட்பவருக்குப் பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். அதனால் பதிவின் தொடக்கத்தில் சில நொடி பேசாமல் பதிந்துவைத்து, அதை நகலெடுத்து அங்கே ஒட்டுவார்கள். அந்த இரைச்சலுக்கு இதற்கு முன்பு இங்கே யாரோ சொன்ன ‘அறையொலி’ என்ற பெயர் எனக்கு முழுச் சம்மதம்.

> ‘அணைத்து நீக்கு’ இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் விளக்கை அணைப்பதும் அணைப்பதுதானே, ஒலி நீக்குவதோடு குழம்பிவிடும். ‘இடைமூடி நீக்கல்’ பொருளில் சரி, ஆனால் பேச்சில் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் “அந்த இடத்தை நெருக்கி நீக்குங்க” என்று இயல்பாகச் சொல்லலாம். திரைவாசிப்பான் வைத்து ஆடாசிட்டியில் வேலை செய்யும் பார்வையற்ற நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் படக்குறியும் கிடையாது, சுட்டியும் கிடையாது, எல்லாமே விசைப்பலகைதான். பட்டியலில் இறங்கும்போது முதல் சொல்லிலேயே வேறுபாடு காதில் விழுந்தால் மீதியைக் கேட்காமலே அடுத்ததற்குப் போய்விடலாம். ‘நீக்கு’ என்று தொடங்கும் மூன்று வரிகளை வைத்து அவர்களைக் காத்திருக்க வைக்கக்கூடாது.

‘நெருக்கி’ என்ற சொல் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அது எவ்வளவு நெருக்குவது என்ற கேள்வியையும் எழுப்புகிறது. தமிழ்க் குரலில் இது சின்ன விஷயம் இல்லை. ‘அதைப் பார்த்தான்’ என்பதில் அந்த ‘ப்’ காதுக்கு வருவது உதடு மூடியிருக்கும் ஒரு நொடிக்கும் குறைந்த அமைதியாகத்தான், திரையில் அது வெறும் தட்டையான கோடு. வெற்றிடம் என்று நினைத்து அதையும் சேர்த்து நெருக்கிவிட்டால் ‘அதை பார்த்தான்’ என்று ஆகிவிடும், வாசித்தவர் சரியாகவே வாசித்திருந்தாலும் ஒற்றை விழுங்கிவிட்டார் என்று பழி அவர்மேல் விழும். க், ச், த், ப் நான்கிலும் இதைப் பார்த்துத்தான் வெட்டவேண்டும்.

வெட்டும் முன் இசட் விசையை அழுத்தினால் தேர்வின் இரு முனைகளும் அலை நடுக்கோட்டைத் தாண்டும் புள்ளிக்கு நகரும், ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும் வாய்ப்பு குறையும். ஆங்கிலத்தில் ஜீரோ கிராஸிங் என்னும் இந்தப் புள்ளிக்குச் ‘சுழிவெட்டு’ என்ற பெயர் வேண்டாம், வெட்டு என்றாலே இங்கே கத்தரிப்பதுதான். ‘சுழிக்கடப்பு’ போதும்.

ஷார்ட்கட்டுக்குக் ‘குறுக்குவிசை’ என்பது பலருக்கும் பழகிவிட்டது, அதை மறுபடி கிளறவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ரீப்பரில் ஆல்ட்+பி (P) அழுத்தி மாற்றும் ரிப்பிள் முறை அழிப்பதற்கு மட்டும் உரியது அல்ல, நடுவில் ஒரு துணுக்கைச் செருகினால் பின்னால் இருப்பவை வலப்பக்கம் விலகியும் போகும். விலகுவதை ‘நெருக்கு முறை’ என்று சொல்ல முடியாது. ‘தொடர்நகர்வு முறை’ என்று யோசித்திருக்கிறேன், ஒன்றை அசைத்தால் தொடர்ந்து வருபவையும் நகர்கின்றன என்ற பொருளில். கொஞ்சம் நீளமாக இருக்கிறது, பட்டைக்குள் அடங்குமா என்று இடைமுகப் பணியில் இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.