உப்புத் தண்ணி ட்ரே வத்தாம ஏறுது, என்ன தப்பு பண்ணோம்?

கோத்தகிரி_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கு சயின்ஸ் எடுக்கறேன். அடுத்த மாசம் கண்காட்சி, எங்க பசங்க ஒரு குரூப்பு வத்திப்போற உப்பு ஏரிய எப்படிக் காப்பாத்தறதுன்னு தலைப்பு எடுத்திருக்காங்க, அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கற கிரேட் சால்ட் லேக்தான் மாடல். ஒரே சைஸ்ல மூணு பிளாஸ்டிக் ட்ரே, ஒவ்வொண்ணுலயும் 3 லிட்டர் தண்ணி. முதல்ல வெறும் தண்ணி, ரெண்டாவதுல 300 கிராம் உப்பு, மூணாவதுல 1.2 கிலோ கல்லுப்பு, அது முழுசா கரையாம அடியில கொஞ்சம் நிக்குது. தண்ணி வத்த வத்த உப்பு கூடுதுன்னு காட்டணும், அவ்வளவுதான் பிளான்.

பத்து நாள் ஆச்சு. வெறும் தண்ணி 2 மி.மீ. இறங்கியிருக்கு. ரெண்டாவது ட்ரே 1 மி.மீ. கூட இறங்கல. மூணாவது ட்ரே 3 மி.மீ. ஏறியிருக்கு!! அடியில கிடந்த கல்லுப்பையும் காணோம். யாரோ வெளாட்டுக்குத் தண்ணி ஊத்திட்டாங்கன்னு நெனச்சு பசங்களத் திட்டியும் விட்டேன், ஆனா லேப் சாவி என்கிட்டதான் இருக்கு, கூரையும் ஒழுகல. ஐப்பசி மழை, காலையில ஜன்னல் திறந்தா மிஸ்ட்டு உள்ளயே வருது, அதனாலயா?

இன்னொண்ணு. ஒரு பையன் கடல் தண்ணியக் கொண்டுபோய் ஊத்தினா மட்டம் ஏறிடுமே மிஸ்ங்கறான். இன்னொரு பொண்ணு நடுவுல அணை கட்டி பாதிய மட்டும் காப்பாத்தலாமேங்கறா. ரெண்டுக்கும் எனக்கு முழுசா பதில் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_குளிர்:

பசங்கள மொதல்ல கூப்ட்டு சாரி சொல்லிடுங்க டீச்சர் 😄 தண்ணிய ஊத்தினது காத்துதான்.

நம்ம மலைல மழைக்காலத்துல உப்பு ஜாடி என்ன ஆகுதுன்னு எல்லார் வீட்லயும் தெரியும், மூடி சரியா போடலன்னா காலையில கசிஞ்சு சேறு மாதிரி கிடக்கும், எங்கம்மா ஜாடிக்குள்ள ஒரு கை அரிசியப் போட்டு வைப்பாங்க. அதேதான் இங்கயும். உப்பு இதுக்கு மேல கரையாதுங்கற நிலைல இருக்கற தண்ணி, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்குக் கீழ இருந்தாத்தான் வத்தும், அதுக்கு மேல போச்சுன்னா காத்துல இருந்து ஈரத்த இழுக்க ஆரம்பிச்சுடும். ஐப்பசில உங்க லேப்ல 90 இருக்கும்னு வச்சுக்கோங்க, வெறும் தண்ணிக்கு 100க்கும் 90க்கும் நடுவுல இருக்கற அந்தப் பத்துதான் வத்தறதுக்கு இடம், மூணாவது ட்ரேக்கு 75ல இருந்து 90 வரைக்கும் பதினஞ்சு, அதுவும் எதிர் திசைல. அதான் இது இறங்கினத விட அது ஜாஸ்தி ஏறிடுச்சு. ரெண்டாவது ட்ரேல இருக்கற கரைசலுக்கு அந்த 75க்குப் பதிலா 94 கிட்ட, 90க்கு மேல நாலுதான் இடம், அதான் நொண்டி நொண்டி வத்துது. இழுத்த தண்ணில அடியில கிடந்த கல்லுப்பும் கரைஞ்சு போச்சு, திருட்டு கேஸ் முடிஞ்சுது.

உங்க சோதனை ஃபெயிலே இல்லங்க. உப்பு ஏரி வத்த வத்த, வத்தற வேகமே கொறையும், நல்ல தண்ணி ஏரி மாதிரி ஒரே வேகத்துல போகாது. சாக்கடல்ல உப்பு 34 சதவீதம் கிட்ட, அதுல பாதிக்கு மேல மெக்னீசியம் குளோரைடு, அது நம்ம சாப்பாட்டு உப்ப விட பயங்கரமா ஈரம் இழுக்கும். அப்படியும் அங்க வருஷத்துக்கு 1 மீட்டருக்கு மேல மட்டம் இறங்குதுன்னா, ஜோர்டான் ஆத்துல இருந்து வர்ற தண்ணிய எவ்வளவு எடுத்துட்டாங்கன்னு பாத்துக்கோங்க.

ட்ரேய சூடான, காஞ்ச எடத்துல வைங்க. மி.மீ. பாக்காதீங்க, கண்ணு ஏமாத்தும், சமையல் தராசுல எடை போடுங்க.

முத்துநகர்_இப்ப_ஊட்டி:

நான் தூத்துக்குடிக்காரன், வேலைக்காக ஊட்டிக்கு வந்து ஆறு வருஷம், எங்க அப்பா உப்பளத்துல பாத்தி கட்டுன ஆளு, அதனால அந்தப் பையனோட கடல் தண்ணி கேள்விக்கு நான் சொல்லுதேன். தம்பி, கடல் தண்ணிய ஒரு பள்ளத்துல ஊத்தி, வத்தவிட்டு, திரும்ப ஊத்துறதுக்குப் பேருதான் உப்பளம்!

கணக்கு போட்டுப் பாக்கச் சொல்லுங்க டீச்சர். ஒரு கன மீட்டர் கடல் தண்ணில சுமார் 35 கிலோ உப்பு. ஏரில வருஷத்துக்கு 1 மீட்டர் வத்துதுன்னா, அத கடல் தண்ணி ஊத்தி சரிகட்டுனா ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வருஷா வருஷம் 35 கிலோ உப்பு சேரும், போறது வெறும் ஆவி, உப்பு எங்கயும் போவாது. மட்டம் நிக்கும், ஏரி செத்துரும். அதுவும் போவ அந்த ஏரி கடல் மட்டத்துல இருந்து 4,200 அடி ஒசரத்துல இருக்கு, கிட்டத்தட்ட மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்குத் தண்ணி ஏத்துற கதை, கரண்டு பில்ல யாரு கட்டுவா?

கல்லுப்பு வாங்குனேன்னு சொன்னீங்களே, அதுல மெக்னீசியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதனால இன்னும் கசியும். பாத்தில உப்பு பூத்ததும் மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணிய வடிச்சு விடுறது அதுக்குத்தான், வடிக்கலன்னா உப்பு ஈரமாவே கெடக்கும், வெல போவாது. இன்னொரு விஷயம், பாத்தில திடீர்னு மழ பேஞ்சா நல்ல தண்ணி மேலாக நிக்கும், கனத்த உப்புத் தண்ணி அடியில அப்படியே இருக்கும், கலக்கி விடாம மேல் தண்ணிய மட்டும் பைய வடிச்சுருவாங்க. பெரிய ஏரிலயும் இந்த ரெண்டு அடுக்கு வரும்னு நெனைக்கேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

படகுத்துறை_பார்வை:

மொதல்ல நம்ம ஊட்டி ஏரியப் பாருங்கய்யா, வெள்ளக்காரக் கலெக்டர் சல்லிவன் காலத்துல வெட்டுன ஏரி, பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் நிக்கறது அதோட பழைய படுகைலதான். அமெரிக்கா ஏரிக்கு அழப் போயிட்டீங்க.

கூடலூர்_டு_மரக்காணம்:

படகுத்துறை அண்ணே, ஊட்டி ஏரிக்குத் தனி த்ரெட் போடுங்க, நானும் வந்து திட்டறேன். அங்க கழிவும் ஆக்கிரமிப்பும், இங்க ஆவியும் உப்பும், வேற நோவு.

டீச்சர், நான் கூடலூர், பொழப்பு மரக்காணத்துல ஒரு இறால் ஹேச்சரில. அந்த ஏரிய நான் பாத்ததில்ல, ஆனா தெனமும் கைல தொடறேன். இறால் குஞ்சுக்கு மொத தீனி ஆர்டீமியா, உப்புத் தண்ணில வாழற பொடி இறால் மாதிரி ஒரு உயிர், அது டின்ல முட்டையா வரும், பாக்க காப்பிப்பொடி மாதிரி இருக்கும், கடல் தண்ணில போட்டு அடில ஏர் விட்டு லைட் அடிச்சா ஒரு நாள்ல பொரிஞ்சு ஆரஞ்சு கலர்ல துடிக்கும். உலகத்துல விக்கற அந்த முட்டைல பெரிய பங்கு கிரேட் சால்ட் லேக்ல அள்ளறதுதான். அதனால 2022ல அங்க உப்பு ஏறுதுன்னு நியூஸ் வந்தப்ப எங்க முதலாளிக்கு இங்க வேர்த்துச்சு.

அணை கேட்ட பொண்ணுக்கு ஒரு சபாஷ், அந்த ஏரில அணை மாதிரி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, ஆனா காப்பாத்தறதுக்குக் கட்டுனது இல்ல. 1959ல ரயில் போக நடுவுல கல்லக் கொட்டி கரை போட்டாங்க. ஆறுங்க, அதாவது பேர் (Bear), வீபர், ஜோர்டான், இது யூட்டா ஜோர்டான், சாக்கடல் ஜோர்டான் இல்ல, மூணுமே தெக்குப் பக்கம்தான் சேருது. வடக்குக்கு ஆறு இல்ல, தெக்குல இருந்து கசியறதுதான். அதனால வடக்கு உங்க மூணாவது ட்ரே, உப்பு முட்டி நிக்குது, அதத் தாங்கற நுண்ணுயிர்களால ரோஸ் கலர்ல இருக்கும். தெக்கு உங்க ரெண்டாவது ட்ரே, ஆர்டீமியா வாழறது அங்க.

2016 டிசம்பர்ல அந்தக் கரைல 180 அடி அகலத்துக்கு ஒரு வாய் திறந்து பாலம் போட்டாங்க. தெக்குல மட்டம் ஒசரம், அதனால மேலாக்க தண்ணி வடக்க போகும், வடக்க இருக்கற கனத்த உப்புத் தண்ணி அடியோட தெக்க திரும்பி வரும், முத்துநகர் அண்ணன் சொன்ன அதே ரெண்டு அடுக்கு. தெக்குல அடியில அந்தக் கனத்த தண்ணி கலக்காமத் தேங்கி, ஆக்சிஜன் இல்லாம அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு அடுக்கா நிக்கும். இங்கதான் வால்வு மாதிரி ஒரு வித்தை வச்சிருக்காங்க, அந்த வாயோட அடில ஒரு வரப்பு. வரப்ப ஒசத்தினா கனத்த தண்ணி திரும்பி வர்றது நிக்கும், தெக்குல உப்பு கொறையும்.

2022 நவம்பர்ல ஏரி மட்டம் கடல் மட்டத்துல இருந்து 4,188.5 அடி, பதிவுலயே அதான் அடிமட்டம். தெக்குல உப்பு 19 சதவீதத்துக்குப் போயிடுச்சு. ஆர்டீமியாவுக்கு 12ல இருந்து 16 வரைக்கும்தான் சவுகரியம், அதுக்கு மேல உப்போட மல்லுக்கட்டவே அதோட சத்தெல்லாம் போயிடும். அந்தக் கோடைலயே வரப்ப 4 அடி ஒசத்தியிருந்தாங்க, 2023 பிப்ரவரில இன்னொரு 5 அடி ஒசத்தி 4,192 அடி ஆக்கினாங்க. அந்த வருஷம் பனியும் நெறைய பேஞ்சு உருகி தெக்கு மட்டம் 5 அடிக்கு மேல ஏற, உப்பு இறங்குச்சு. பசங்க மாடல்ல ஒரு பெரிய ட்ரே நடுவுல களிமண் கரை போட்டு, கரைல ஓட்டை வச்சு, ஓட்டைக்குள்ள வரப்ப ஏத்தி இறக்கிக் காட்டலாம், வடக்குப் பக்கம் ரோஸ் மில்க் எசன்ஸ் ஒரு சொட்டு போட்டா அடியோட வர்றது கண்ணால தெரியும்.

ஆனா ஒண்ணு, வரப்பு உப்பத்தான் பிரிக்கும், தண்ணி தராது. வரப்ப ஏத்தினா வடக்குக்குப் போறதும் கொறையும், அது வத்தும். மத்திய ஆசியாவுல வத்திப்போன ஆரல் கடல்ல பண்ணதும் இதே பேரம்தான். 2005ல கசாக்ஸ்தான் பக்கம் கோக்-ஆரல் அணை, 13 கி.மீ. நீளம், கட்டினதும் வட ஆரல் மட்டம் 42 மீட்டருக்கு ஏறி, உப்பு கொறஞ்சு, மீன் திரும்பி வந்துச்சு. அதுக்கு முன்ன ஊர்க்காரங்களே மணல்ல அணை கட்டிப் பாத்தாங்க, 1999ல ஒடஞ்சுடுச்சு. தெக்கு ஆரல கைகழுவிட்டாங்க, அங்க உப்புப் புழுதிதான் பறக்குது.

மட்டத்த ஏன் இவ்வளவு பாக்கறாங்கன்னா ஏரி தட்டு மாதிரி, சொம்பு மாதிரி இல்ல. 1980கள்ல மட்டம் 4,211 அடி இருந்தப்ப பரப்பு 3,300 சதுர மைல், 2021ல சுமார் 950. இருபது அடிதான் இறங்குச்சு, மூணுல ரெண்டு பங்குக்கு மேல தரை வெளிய வந்துடுச்சு, அந்தப் படுகைல ஆர்செனிக் இருக்கு, காத்தடிச்சா ஊருக்குள்ள. அதே 80கள்ல ஏரி ரொம்ப ஏறிடுச்சுன்னு பம்பு வச்சு பாலைவனத்துல தண்ணிய இறைச்சுக் கொட்டினாங்க, இப்ப கேட்டா வயிறு எரியும்.

முத்துநகர்_இப்ப_ஊட்டி:

அந்த வரப்பு சமாச்சாரம் அப்படியே எங்க மடை போலவே இருக்கு. எங்க ஆளுக பாத்தில, உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுற போமே மீட்டர விட்டுப் பாத்து மடையத் தொறப்பாங்க. டீச்சர், உங்ககிட்ட அது இருக்காது, பால் சொசைட்டி லேக்டோமீட்டர் இவ்வளவு உப்புக்குக் காட்டாது, பேசாம நம்ம ஊரு உருளக்கிழங்க போடுங்க. சாதாரண கிழங்கு உப்பு 11, 12 சதவீதம் கிட்ட வந்தா மெதக்கும். தெனமும் புதுசா ஒரு துண்டு வெட்டிப் போடணும், ஊறுன துண்டு சுருங்கி கனத்துப் போவும், பொய் சொல்லும்.

கோத்தகிரி_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பசங்ககிட்ட சாரி சொல்லியாச்சு, ஒரு வாரத்துக்கு அத சொல்லியே ஓட்டினாங்க.

ஒரு பையனோட அப்பா டீ ஃபேக்டரில ட்ரையர்ல வேலை பாக்கறார். சூப்பர்வைசர்கிட்ட கேட்டு, தூள் பக்கமே வரக்கூடாதுங்கற கண்டிஷனோட, ட்ரையர் ரூம் மூலைல ரெண்டாவது ட்ரேய வச்சோம், புதுசா 3 லிட்டரும் 300 கிராமும் கலந்து. முத நாள் கிழங்குத் துண்டு அடியில உக்காந்துச்சு. ரெண்டாம் நாளும் அடியிலதான், ஆனா விரலால தட்டினா ஒரு சுத்து சுத்தி மெதுவா எறங்குச்சு. மூணாம் நாள் காலையில புதுத் துண்டு போட்டதும் உள்ள போயிட்டு மேல வந்துடுச்சு. எடை 600 கிராமுக்கும் மேல கொறஞ்சிருந்துச்சு.

மூணாவது ட்ரே மட்டும் லேப்லயே இருக்கட்டும்னு விட்டிருக்கோம். கரை போட்ட ட்ரேல ரோஸ் மில்க் ஊத்திப் பாத்தோம், வரப்பு ரொம்ப ஒசரமா போயிடுச்சு போல, ரெண்டு பக்கமும் எதுவுமே நகரல. கூடலூர் தம்பி, ஓட்டை எவ்வளவு பெருசு வைக்கணும்?