மாமியின் அஸ்வெசும மேன்முறையீடு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்பு உறவுகளுக்கு வணக்கம். கிரான் பக்கம் இருக்கும் என் மாமிக்காகக் கேட்கிறேன். முன்பு சமுர்த்தி என்ற அரச உதவி எடுத்தவர். 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது, விண்ணப்பித்திருந்தும் பெயர் வரவில்லை. மாமா இல்லை. பன்பாய் பின்னி விற்கிறார், விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது. மழைக்குக் கிடுகுக் கூரை ஒழுகும்.

சிக்கல் என்னவென்றால், அதே வளவில் மகனின் கல்வீடும் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மின்மானி. மின்கட்டணப் பட்டியல் மாமியின் பெயரில் வருகிறது. தெரிவுக்குப் பார்க்கும் 22 அளவுகோல்களில் மின்பாவனையும் ஒன்று. அதனால்தான் புள்ளி மாறியது என்று நினைக்கிறேன். கணக்கெடுக்க வந்தவர் மாமியின் குடிசைக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

ஒரே வளவில் இரண்டு குடும்பம் என்று காட்டி மேன்முறையீட்டில் வென்றவர்கள் இருக்கிறீர்களா? கிராம உத்தியோகத்தரின் கடிதம் மட்டும் போதுமா, அல்லது மின்மானியையும் பிரிக்க வேண்டுமா? அஸ்வெசும உதவி எண் 1924க்கு எடுத்துக் கேட்டவர்களும் சொல்லுங்கள். பிரதேச செயலகத்துக்கு நானே மாமியைக் கூட்டிப் போகிறேன். என்னென்ன ஆவணம் கொண்டு போகலாம்?