பத்மினி: டேங்க் நிறைத்தால் பெட்ரோல் வாடை, ஏற்றத்தில் திணறல். எங்கிருந்து பார்ப்பது?

கிருஷ்ணகிரி பத்மினி:
வணக்கங்க. 1986 மாடல் பிரீமியர் பத்மினி, பெட்ரோல். டேங்க் நிறைய அடித்தால் டிக்கியில் வாடை தாங்கவில்லை. பாதிக்குக் கீழே இறங்கியதும் வாடை போய்விடுகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுக்காமல் திணறி நின்றுவிடுகிறது; கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தால் கார்புரேட்டர் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவும் மாட்டேன் என்கிறது. சூட்டில் ஏர் லாக் ஆகிறது (லைனில் ஆவி தேங்கிப் பெட்ரோலைத் தடுக்கிறது) என்று ஃப்யூல் பம்ப் மாற்றியாச்சு, பலன் இல்லை. இது மூன்று கோளாறா, ஒன்றா?

பட்டறை_தர்மபுரி:
டேங்க் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். மூன்றும் அதிலேயே அடங்கும்.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாது. ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் செலவாவதால் அங்கேதான் முதலில் தெரியும். வெயிலில் நிற்கும்போது நேர் எதிர்: 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடானால் அரை லிட்டருக்கு மேல் விரியும், ஆவியும் சேரும். வெளியேற வழியில்லை என்றால் அந்த அழுத்தம் லைன் வழியே முன்னால் தள்ளும். பம்பின் இரண்டு வால்வுகளும் கார்புரேட்டர் பக்கமாகத் திறப்பவை, அதனால் பம்ப் அதைத் தடுக்காது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வைத் தாண்டி வழிந்துவிடும். உங்கள் கார்புரேட்டர் ஈரமாவது இப்படித்தான் இருக்கும்.

சோதனை எளிது. அடுத்த முறை ஏற்றத்தில் நின்றால் காத்திருக்காதீங்க. ஓரமாக நிறுத்தி, உடனே டேங்க் மூடியைத் திறங்க. ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, சில விநாடி செல்ஃப் அடித்ததும் வண்டி எடுத்தால் மூச்சுக் கோளாறு உறுதி. ஏர் லாக்கும் ஆறினால் சரியாகும் என்பதால், காத்திருந்து எடுத்துப் பார்ப்பது எதையும் பிரித்துக் காட்டாது.

பிறகு மூடியைப் பாருங்க. கடையில் பூட்டு வைத்து விற்கும் மூடிகள் பலவற்றில் காற்றுத் துளையே இருக்காது. கழுத்தில் பொருந்திவிடும், அவ்வளவுதான். ஒரிஜினல் மூடி என்றால் உள்பக்கம் உள்ள சின்ன வால்வில் துருவும் பிசினும் ஏறியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுங்க. வென்ட் குழாய் (டேங்க் மூச்சு விடும் குழாய்) இருந்தால் டேங்க் மேல்தளத்திலோ கழுத்தின் ஓரத்திலோ தொடங்கும். அதைக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை போங்க. வெளி முனையில் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருக்கும், அல்லது அடியில் அடித்த தார்ப் பூச்சு வாயை மூடியிருக்கும். டேங்க் பக்க ஓஸைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியால் குத்தி எடுங்க. கழற்றாமல் கம்ப்ரசர் வைத்து ஊதினால் டேங்க் உப்பிவிடும்.

மூடியில் நீங்களே துளை போடுவது மட்டும் வேண்டாம். நிறைய அடித்துத் திரும்பும்போது வெளியே தெறிக்கும், மழையில் தண்ணீர் உள்ளே போகும்.

காவேரிப்பட்டணம் 1489:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் வாடைக்குத் தனியாக ஒரு ஓட்டை இருக்கிறது. நிறைந்தால் மட்டும் வாடை என்றால் அது டேங்கின் மேல்பாதியில்: கேஜ் யூனிட் (பெட்ரோல் மட்டம் காட்டும் கருவி) கேஸ்கெட், கழுத்து ரப்பர், வென்ட் ஓஸ், கழுத்து டேங்கோடு சேரும் ஈயப் பற்று. மேலே ஓட்டை இருந்தால் அது வழியே காற்று போகாதா என்று கேட்கலாம். ஊறிய கார்க் கேஸ்கெட்டும் வெடித்த ரப்பரும் வெற்றிடத்தில் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், அழுத்தத்தில்தான் விரியும். மெதுவாகக் கசிந்து காற்று போவதால்தான் கொஞ்ச நேரத்தில் வண்டி தேறுகிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிக்கி விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் வையுங்க. வயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம். மூட்டுகளைத் துடைத்துக் காயவைத்து, மேலே முகப்பவுடர் தூவி, டேங்க் நிறைத்து ஒரு இரவு விடுங்க. பெட்ரோல் காய்ந்து மறைந்தாலும் பவுடரில் ஈரத்தடம் பழுப்பாக நிற்கும். தடத்தின் மேல்முனைதான் ஓட்டை, சொட்டும் இடம் அல்ல.

இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பரும் கார்க்கும் அதில் ஊதி, பிறகு காய்ந்து வெடிக்கும். ஓஸ் வாங்கும்போது மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்க. கார்க்குக்குப் பதில் வைட்டான் (பெட்ரோல் தாங்கும் ரப்பர்) ஷீட்டை வெட்டிப் போடுங்க. கேஜ் ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். ஒரு பக்கம் முதலில் இறுக்கினால் தகடு வளைந்து அங்கேயே கசியும்.

ஓசூர்_கார்ப்:
மூடி திறந்தும் தேறவில்லை என்றால் மட்டும் இது. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் லைன். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது சொட்டாது, காற்றை இழுக்கும். கண்ணாடி ஃபில்டரில் குமிழி ஓடும். பம்புக்குப் பிறகு ஓட்டை என்றால் ஓடும்போதுதான் சொட்டும். பம்பின் உள்வரும் ஓஸை டேங்கிலிருந்து பிரித்து, நன்றாகக் கட்டிவைத்த 1 லிட்டர் தகரக் கேனில் விட்டு, வண்டி நின்ற நிலையிலேயே சோதியுங்க. அதில் நன்றாக ஓடினால் கோளாறு பின்னால், டேங்க் பக்கம்.

பம்ப் புதிது என்பதால் இன்னொன்று: பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வரும் பேக்கலைட் ஸ்பேசரைத் திரும்பப் போட்டார்களா பாருங்க. அது இல்லாவிட்டால் பம்ப் சூடேறும், லீவர் அடியும் மாறும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் இன்ஜின் ஆயில் சம்ப்புக்குள் போகிறது. அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது.

கிருஷ்ணகிரி பத்மினி:
மூடி திறந்ததும் சத்தமாகக் காற்று இழுத்தது, வண்டி உடனே எடுத்தது. பூட்டு மூடிதான், துளை இல்லை. பவுடர் தடம் கழுத்து ஈயப் பற்றிலிருந்து வருகிறது, மயிரிழை விரிசல். கேஸ் வெல்டிங் வைக்கலாமா?

பட்டறை_தர்மபுரி:
வேண்டவே வேண்டாம். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. மடிப்புகளில் ஒளிந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். டேங்கைக் கழற்றி, கேஜ் யூனிட்டை எடுத்துவிட்டு, சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு வாடை அறவே போகும் வரை அலசுங்க. பிறகு ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்க. கழுத்து மேலே இருக்கும்படி வைத்து, பற்றுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, எல்லா வாயும் திறந்திருக்க, டேங்கை விட்டுத் தள்ளி வைத்துச் சூடாக்கிய பற்றுக்கோலால் (சால்டரிங் அயர்ன்) ஈயம் வைக்கச் சொல்லுங்க. தீ நாக்கு டேங்க் பக்கம் வரக் கூடாது. எம்-சீல் வைத்து மூடுவது இந்த எத்தனாலுக்கு நிற்காது.

சோதிக்க எல்லா வாயையும் அடைத்து, ஒரு ஒளிபுகும் டியூபை யு வடிவில் வளைத்து, தண்ணீர் ஊற்றி இணைச்சுக்கங்க. சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்து, இரண்டு பக்க நீர்மட்டமும் 35 செ.மீ. வித்தியாசம் வந்ததும் நிறுத்துங்க. அது அரை பி.எஸ்.ஐ., அதற்கு மேல் போகாதீங்க. சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்க; 10 நிமிடம் மட்டம் இறங்காமல் நின்றால் போதும். திரும்பப் பொருத்தும் முன் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயவையுங்க. மாட்டும்போது காற்றுத் துளை உள்ள மூடியை வாங்கி வைத்துக்கொண்டு மாட்டுங்க, அந்தப் பூட்டு மூடி மறுபடி ஏறக் கூடாது.